சுட்டெடுத்த கன்மலை

பெட்டி வந்து சேரவில்லை.
பிளான்டயர் விமான நிலையத்தில்
ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"நாளைக்கு" என்றார்கள்.
பதினோரு நாள் நீண்டது அந்த நாளை.
அதற்குள் இருந்தவை:
ஒலிபெருக்கி, முந்நூறு கைப்பிரதி, கொசுவலை,
நான் உதவ வந்தவன் என்பதற்கு
இன்னும் சில அத்தாட்சிகள்.

உடுத்திய சட்டையோடு
ஷிரே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கினோம், ஐந்து பேர்.
சோளத்தட்டைகள் எல்லாம்
ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தன.
வெள்ளம் எந்தப் பக்கம் போனது என்று
யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆலயம் இருந்த இடத்தில் மூன்று படிகள்.
ஏறினால் அந்தப் பக்கம் வெறும் வெயில்.

ஞாயிற்றுக்கிழமை
அந்த வெயிலில் நின்றுதான் பிரசங்கித்தேன்.
ஊரிலிருந்தே தயாரித்துக் கொண்டுபோனது,
மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை:
மணலில் கட்டியவனும் கன்மலையில் கட்டியவனும்.
லிம்பிகானி ஒவ்வொரு வரியாய்
சிச்சேவாவில் சொல்லிக்கொண்டே வந்தவன்
"கன்மலை" என்ற இடத்தில் நின்றுவிட்டான்.
என் காதருகே குனிந்து,
"எந்தக் கன்மலை?" என்றான்.
சுற்றிலும் பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டல்.
எறிவதற்குக்கூட ஒரு கல் கிடையாது.

சபை காத்திருந்தது, பொறுமையாக.
ஒரு குழந்தை மட்டும் தும்மியது.
பிறகு ண்டாஸியோனா ஏதோ சொன்னாள்,
எல்லாரும் சிரித்தார்கள்.
லிம்பிகானி தமாஷைக் கொஞ்சம் தாமதமாய்த் தந்தான்:
"இங்கே கன்மலை கிடையாது, ஐயா.
நாங்கள் சுட்டுத்தான் எடுக்கிறோம்."

மறுநாள் காலை சூளைக்குப் போனோம்.

விழுந்த சுவரின் செங்கல்கள்
சேற்றுக்கடியில் இருந்தன.
தோண்டி, கழுவி,
இன்னொரு செங்கல்லால் தட்டிப் பார்க்க வேண்டும்.
ணங் என்றால் வலப்பக்கம்.
டொப் என்றால் உள்ளே விரிசல், இடப்பக்கம்.
எனக்கு இரண்டும் ஒரே சத்தமாய்க் கேட்டது.
நான் வலப்பக்கம் வைத்ததையெல்லாம்
ண்டாஸியோனா மறுபடி தட்டினாள்,
பாதியை இடப்பக்கம் மாற்றினாள்,
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது மூன்றாவது தடவையாம்.
"ஆறு மறுபடி வந்தால்?" என்றேன்.
வரும் என்றாள்,
மாதச் சீட்டு எடுப்பதுபோல் சாதாரணமாக.
வராவிட்டால் சோளம் எப்படி விளையும் என்றாள்.

ஒரு செங்கல்லை மட்டும் தன் துணியில் சுற்றித்
தனியே வைத்திருந்தாள்.
ஈரமாய் இருந்தபோது ஆடு மிதித்த குளம்படி அதில்.
"ஆடு ஆற்றோடு போயிற்று,
கால் இங்கே இருக்கிறது" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
ஆட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.
மகளைப் பற்றி
நான் ஊர் திரும்பும் வழியில், லாரியில் வைத்து,
லிம்பிகானி சொன்னான்.

ஆறாம் நாள் மலேரியா.
என்மேல் யாரோ ஒரு கொசுவலையைக் கட்டினார்கள்,
மூலையில் ஒட்டுப்போட்டது.
அந்த வீட்டில் வலை ஒன்றுதான் என்பது
குளிர் விட்டபிறகுதான் உறைத்தது.
இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சொல்லும் புரியவில்லை,
"லூபேனி, லூபேனி" என்பதைத் தவிர.
ரூபன் என்பது அவர்கள் நாவில் அப்படித்தான் வரும்.
இருபது வருஷமாய் ஜெபக்கூட்டம் நடத்தியவன்,
பிறர் பெயர்களைத் தாளில் எழுதிவைத்து வாசித்தவன்,
என் பெயர் அப்படிச் சுமக்கப்பட்டதை
அன்றுதான் கேட்டேன்.
கண்ணை மூடியே வைத்திருந்தேன்.
விழித்தால் நிறுத்திவிடுவார்களோ என்று.

பெட்டி வந்தது, நாங்கள் கிளம்பும் தினத்தில்.
கைப்பிரதிகளைச் சூளை பற்றவைக்கக் கொடுத்தேன்.
நன்றாக எரிந்தன.

இன்று என் சபையில் சாட்சி சொல்ல
மூன்று நிமிஷம் கொடுத்தார்கள்.
பின்திரையில் படங்கள் ஓடின.
வழக்கம்போல் மைக்கைத் தட்டினேன்.
டொப்.
இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.
முன்வரிசையில் இருமினார்கள்.
இந்தச் சத்தம் எனக்கு இப்போது தெரியும்.
எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்தபடி
சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன்.