தூங்குகின்றன என்றாள்

விரல் நுனியில் ஒரு குத்து.
துளியைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி
மேலே இன்னொரு மெல்லிய சில்லை மூடினாள்
வீப்கா ஹார்ம்ஸ்.
சுவரில் சட்டமிட்ட பட்டயம்.
சன்னலில் ப்ரேமர்ஹாஃபன் மழை.

திரையில் என் இரத்தம்.
கும்மிருட்டில் ஒளிவளையங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன.
நடுவே ஒன்று மட்டும் பெரிதாய்,
உள்ளே மணல் மினுங்க,
அசையாமல்.

"உங்கள் வெள்ளையணு.
பாருங்கள், வேலையே செய்யவில்லை.
எல்லாம் தூங்குகின்றன."

மேசைமேல் ஒரு டப்பா வந்தது.
பச்சைத் தூள். எண்பத்து நான்கு யூரோ.
எழுப்பிவிடுமாம்.

இருபத்தோரு வருடம்
மீன் துறைமுகத்துக் குளிர்க்கிடங்கில் இருந்தவள் நான்.
மைனஸ் இருபத்திரண்டில்
பேனா எழுதாது, பேட்டரி செத்துவிடும்,
என் தாடையே என் பெயரைச் சொல்லாது.
ஒருமுறை பெட்டிகளோடு ஒரு வண்டு வந்திருந்தது,
வெளிக்கூடத்தில், விறைத்து.
குப்பையில் போடு என்றார்கள்.
ஹின்னெர்க் அதைத் தொப்பிக்குள் போட்டு
தேநீர்க் குடுவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.
இடைவேளை முடியுமுன்
விளக்கைச் சுற்றியது.

"இந்த அறை எத்தனை டிகிரி?" என்றேன்.
"பதினெட்டு. எரிவாயு விற்கிற விலையில்..."

கேட்காமலே
சில்லின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
படம் நடுங்கியது. நானும்தான்.
எவ்வளவு நேரமோ.
பிறகு அந்தப் பெரியது
ஒரு பக்கம் மெல்ல உதடு பிதுக்கியது,
பிதுக்கிய உதட்டுக்குள்
தன் மணலையெல்லாம் ஊற்றிக்கொண்டது.

வீப்கா திரையை அணைத்தாள்.
"அரைமணி முடிந்தது."

டப்பாவை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.
சிரிக்காதீர்கள்.
களைப்பு பொய்யில்லையே.
மாடிப்படியில் இரண்டு முறை உட்காருகிறேன்,
டாக்டருக்குத் தேதி கிடைக்க
இன்னும் ஏழு வாரம்.

மூன்றாம் நாள்
குத்திய விரல் சிவந்து, சூடேறி,
விண்விண்ணென்று தெறித்தது.
நுனியில் கடுகளவு
மஞ்சள் வெள்ளைச் சீழ்.
யாரும் பார்க்காத இருட்டில்
சுவர் பிதுக்கி வெளியேறி
வேலைக்கு வந்து
அங்கேயே செத்துக் கிடந்தவர்கள்.

அடுப்படி வெளிச்சத்தில் விரலைத் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் நின்றேன்.

டப்பா
ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது.
மூடி திறக்கவில்லை.