பதின்மூன்று, சுமாராக

செம்புக் குழாய், நாலு மீட்டர்.
பின்சுவரிலிருந்து ஒரே இரவில்
உருவிக்கொண்டு போய்விட்டான்.
காலையில் சமையலறையில் கணுக்கால் தண்ணீர்.
அரிசி மூட்டை ஊதிப் பிளந்து கிடந்தது.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாட்ஸ்வர்த் நீதிமன்றத்தில்
கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை.
பிறப்புச் சான்றிதழ் இல்லை.
பல்லைப் பார்த்து வயது எழுதியிருந்தார் டாக்டர்:
பதின்மூன்று, சுமாராக.
சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல.
சொல்லவில்லை, தோன்றியது.

பதினாலுக்குக் கீழே என்றால்
தப்பென்று தெரிந்துதான் செய்தான் என்பதை
அரசு நிரூபிக்க வேண்டுமாம்.
"நாய் குரைத்ததும் ஓடியிருக்கிறான்,
ஆகவே தெரியும்" என்றார் அரசு வழக்கறிஞர்.
நாய் குரைத்தால்
நானும்தான் ஓடுவேன்.

லுங்கேலோ என்று கூப்பிட்டார்கள்.
யாரோ பெரியவனின் பள்ளிச் சட்டை,
விரல் நுனி மட்டும் வெளியே.
மேஜைமேல் பிளாஸ்டிக் பையில்
மீட்ட குழாய், ஒரு முழம்,
களிம்பேறிப் பச்சையாக.

செம்பில் களிம்புபோல உயிரில் மலம் என்று
கோயிலில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
களிம்புக்காகக் குடத்தை யாரும் வீசுவதில்லை.
புளி போட்டுத் தேய்ப்பார்கள்.
தேய்க்கிற கைதான் வலிக்கும்.

என் தம்பி தயாளன்
இதே வயதில்
வாவ்டா கடையில் சைக்கிள் விளக்கு திருடினான்.
அப்பா காதைப் பிடித்து இழுத்துப் போனார்.
வாவ்டா அப்பாவுக்கு டீ கொடுத்தார்.
ரெண்டு சனிக்கிழமை கடை பெருக்கினான்,
தீர்ந்தது.
எந்தத் தாளிலும் அவன் பெயர் ஏறவில்லை.
இன்று காப்பீடு விற்கிறான்,
திருட்டுக்கும் சேர்த்து.

இவனுக்குக் காதைப் பிடிக்க ஆளில்லை.
டீ கொடுத்திருக்க வேண்டியவள்
போலீசைக் கூப்பிட்டேன்.

"திருமதி படையாச்சி, உங்கள் எண்ணம்?"
நீதிபதி கேட்டபோது
அரிசி, குழாய், பிளம்பர் கூலி
எல்லாம் தொண்டைவரை வந்தது.
இவனை உள்ளே தள்ளினால்
என் குழாய் வருமா என்றேன்.
கோபமாகத்தான் கேட்டேன்.
கருணை என்று எழுதிக்கொண்டார்கள்.

எட்டுச் சனிக்கிழமை என்று உத்தரவு.
முதல் வாரம்
சமூகப் பணியாளர் கொண்டுவந்து விட்டுப் போனாள்.
நாய் குரைத்தது. அவன் ஓடவில்லை.
ஓடக் கூடாதென்று
யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.
கையில் சுலு மொழியில் ஒரு மன்னிப்புக் கடிதம்.
என் சுலு சந்தைக்கு மட்டும் போதும்;
"நான்" என்ற சொல்லும் "தண்ணீர்" என்ற சொல்லும்
புரிந்தன.

பிளம்பருக்கு டார்ச் பிடித்தான்.
டீ கொடுத்தேன். மூன்று சர்க்கரை கேட்டான்.
ஒரு மணி நேரம் பேச்சே இல்லை.
பிறகு,
புதுச் செம்புக் குழாயைக்
கண்ணாலேயே எடைபோட்டுவிட்டு
என்னிடம் சொன்னான்:

"பிளாஸ்டிக் போடுங்கள், அம்மா.
பிளாஸ்டிக்கை
யாரும் எடுக்க மாட்டோம்."