அடகுச்சீட்டு

அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான்.
பெல்கார்த் கோட்டையில் மூன்று மொழிக்கும்
ஒரே எழுத்துக்காரன்.
சுரியானியில் ஜெபிப்பேன்,
அரபியில் பேரம் பேசுவேன்,
பொய் எழுத மட்டும் லத்தீன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது.
கிணற்றுக் கயிறு மூன்று முழம் நீண்டது.
கோட்டைக்குள் ஆயிரத்து நாற்பது வாய் என்று கணக்குக் கொடுத்தேன்.
குதிரைகளை விட்டுவிட்டாயே என்றார் தளபதி,
முதலில் எண்ண வேண்டியவை அவைதானாம்.

எர்மெசிந்தா சீமாட்டிக்கு அப்போது இருபத்தாறு.
கணவன் எந்தப் போரில் செத்தான் என்று கேட்டால்
வெயிலோடு போட்ட போரில் என்பாள்.
பிள்ளைக்கு ஐந்து வயது.
அவன் பெயரால் இவள் ஆண்டாள்;
பையன் ஒரு ராத்திரி இருமினால்
காலையில் சந்தையில் வட்டி ஏறும்.

கருவூலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு திருப்பண்டம்.
மேற்றிராணியார் சொசிபாத்தரின்
வலக்கைச் சுட்டுவிரல், வெள்ளிப் பேழையில்.
எண்ணூறு வருஷத்துக்கு முன்
இதே கரையில், இதேபோல் ஒரு கோடையில்
கோயில் கிண்ணங்களை உருக்கி
பார்லி வாங்கியவர் அவர்.
கூடிநின்று அவரைக் கண்டித்த ஆயர்கள்
பதினொரு பேர்.
கையெழுத்துப் போட்ட தோலை நான் பார்த்திருக்கிறேன்.
ஒரு மூலையை எலி தின்றிருந்தது.

ஜெனோவாக்காரன் ஒபெர்தோ வந்தான்.
கோதுமை வரவில்லை.
அது துறைக்கு வெளியே
நங்கூரத்தில் ஆடிக்கொண்டு
விலை கேட்டது.

"திருப்பண்டத்தை விற்பது சாவான பாவம்"
என்று கத்தினார் எங்கள் லத்தீன் ஆயர்.
விற்கவில்லை, என்று தொடங்கி
மிச்சச் சொல்லுக்காக என்னைப் பார்த்தாள் சீமாட்டி.
"அடகு" என்றேன்.
என் வாழ்நாளில் நான் மொழிபெயர்த்ததிலேயே
அதிகம் பேருக்குச் சோறு போட்ட சொல்.

தராசு வந்தது.
ஒபெர்தோ பேழையைத் திறந்தான்.
பட்டுத்துணியோடு விரலை எடுத்து
என் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.
காலிப் பேழையை நிறுத்தான்.
"நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை."

"விரலுக்கு?" ஆயரின் குரல் கம்மியது.

"என் கணக்கேட்டில் எலும்புக்குப் பத்தி இல்லை, தந்தையே.
அதுவுமில்லாமல்
இதே மகானின் இதே வலக்கைச் சுட்டுவிரல்
எங்கள் ஊர்ப் பீடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது."

ஓர் ஈ பறந்தது எல்லோருக்கும் கேட்டது.
தளபதி சுவர்ப்பக்கம் திரும்பி
தோள் குலுங்க நின்றார்.
சீமாட்டி விரலை எடுத்தாள்.
கணுவைத் தடவினாள், நகம் இருந்த இடத்தைத் தடவினாள்.
கிண்ணத்தை உருக்கிய கைதானா நீ
என்று கேட்பதுபோல் இருந்தது.
பிறகு தன் இடக்கை உறையைக் கழற்றி
அதன் சுட்டுவிரலுக்குள் அதை நழுவவிட்டு
கச்சையில் செருகிக்கொண்டாள்.

அன்றிரவு ஆயர் சொல்லச் சொல்ல
கோயில் பதிவேட்டில் எழுதினேன்:
புனிதர் தம் இடத்திலேயே இளைப்பாறுகிறார்.
சொன்னேனே, லத்தீன்.

திருநாள் வந்தது.
பேழை இருக்கும் தலையணையில்
ஓர் ஒற்றைக் கையுறை கிடந்தது.
எருமைத் தோல், கடிவாளம் தேய்த்த கறுப்பு,
குதிரை வியர்வை நாற்றம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அர்மீனியக் கொல்லர்கள் வந்தார்கள்,
மீன்காரிகள் வந்தார்கள்,
ஒரு கண் போன வில்வீரன் வந்தான்.
குனிந்து, முத்தமிட்டு, நகர்ந்தார்கள்.

என் முறை.
தோலுக்கு அடியில் கடினமாய் ஏதோ
உதட்டில் தட்டியது.
யாருடையது என்று நான் யோசிக்கவில்லை,
பொய், யோசித்தேன்.
விடிகாலைதான் புது மாவில் ரொட்டி தின்றிருந்தேன்.
நிமிர்ந்தபோது பார்த்தேன்,
கையுறையின் அந்த ஒரு விரல் மட்டும்
எனக்கு முன்னால் போன எல்லோருடைய வாயாலும்
வெளுத்திருந்தது.