விருப்பம்: இல்லை

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
ஊசி. உடற்பயிற்சி. விருப்பம் இல்லை.
முதல் இரண்டில் ஒன்றைத் தொட்டால்
தொட்டது கிடைக்கும்.
மூன்றாவதைத் தொட்டவர்களுக்கு
என் மேசை இழுப்பறையிலிருந்து
ஒட்டிய உறை ஒன்று பிரியும்.

தோங்யோங் துறைமுகத்தின் பின்புறம்,
சுகாதார நிலையத்தின் இரண்டாம் மாடி.
ஜனவரி, சிப்பிக்கு உச்சப் பருவம்.
விடியுமுன் தொடங்கி
நின்றபடியே சிப்பி உடைத்த பெண்கள்
ரப்பர் பூட்ஸைக் கீழே கழற்றிவிட்டு
இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிறார்கள்.
அறை முழுக்க உப்பு வாடை.

வலி எவ்வளவு,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றேன்.
பதினான்கு என்றார் குக் ஒக்ஜா.
பத்துக்கு மேல் இடமில்லை என்றேன்.
"அப்படியானால் நாலை நீயே வைத்துக்கொள்."
ஊசிக் கட்டத்தில்
தாள் கிழியுமளவு அழுத்திக் குறியிட்டார்.

இன்னொருத்தி உடற்பயிற்சி கேட்டாள்:
நாள் முழுக்கக் கையில் கத்திமுனை,
சாயங்காலம் முதுகிலும் முனையா?

ப்யோ புனி
படிவத்தைத் தலைகீழாகப் பார்த்தார்,
பிறகு நேராக.
எது வேண்டும் உங்களுக்கு?
எதுவானாலும் சரி.
எது பிடிக்கும்?
நான் வேறு யாரையோ கேட்டதுபோல்
பின்னால் திரும்பிப் பார்த்தார்.
அங்கே எடை பார்க்கும் இயந்திரம் மட்டும் நின்றது.

உறை உடற்பயிற்சி என்றது.
பச்சை ரப்பர் பட்டையை
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
குனிந்து வணங்கினார்
(குனியக் கூடாதென்று
அப்போதுதான் சொல்லியிருந்தேன்).

சியோலிலிருந்து புள்ளியியல்காரர் தொலைபேசியில் மகிழ்ந்தார்.
விருப்பமில்லாதவர்கள்தான் தங்கம்,
எதிர்பார்ப்பின் கறை படியாதவர்கள்,
இன்னும் பத்துப் பேர் பிடியுங்கள்.
சரி என்றேன்.
பிடிப்பது மீனை அல்லவா என்று நினைத்ததை
அவரிடம் சொல்லவில்லை.

ஆறாம் வாரம்.
எட்டு ஏழாகியிருந்தது.
ஏழை எழுதிக்கொண்டிருந்தபோது
புனி கேட்டார்:
ஊசி குத்தினால் தூக்கம் வருமாமே,
ஒக்ஜா சொன்னாள்.
சிலருக்கு வரும் என்றேன்.
எனக்கும் அதுதான் ஆசை,
ஆனால் எல்லாரும் ஊசி கேட்டால்
இடம் தீர்ந்துவிடுமே.
அவளுக்கு என்னைவிட வலி ஜாஸ்தி.

இடம் தீராது.
எத்தனை பேர் கேட்டாலும் ஊசி உண்டு.
இதை நான் சொல்லவில்லை,
படிவமும் சொல்லவில்லை.
பதினோரு பக்கச் சம்மதப் பத்திரத்தில்
எங்கேயோ இருக்கிறது,
ஏழாம் பக்கமாக இருக்கலாம்.

ஒன்று: ஊசி. இரண்டு: உடற்பயிற்சி.
பூஜ்யம்: விருப்பமில்லை.
விட்டுக்கொடுத்தவருக்கு எண் கிடையாது.
குறிப்புப் பெட்டியில் தட்டச்சினேன்;
அறுபதாம் எழுத்தில்
ஒரு சொல்லின் நடுவே நின்றுபோனது.
பூஜ்யம் அப்படியே இருக்கட்டும் என்றார் புள்ளியியல்காரர்,
சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு.

புனியிடம் சொன்னேன்:
நீங்கள் விலகிக்கொள்ளலாம், இன்றைக்கே.
காரணம் சொல்ல வேண்டாம்.
கீழ்த்தளத்தில் வைத்தியர் இருக்கிறார்,
ஊசி போட்டுக்கொள்ளலாம்.

"நான் விலகினால்
உன் கணக்கில் ஒன்று குறையுமே?"

விலகல் தாளை எடுத்து வைத்தேன்,
அதன்மேல் என் பேனாவை.
அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.
இந்த வேலையில்
எனக்கு யாரும் கற்றுத்தராத பகுதி அது.

கீழேயிருந்து ஒக்ஜா கத்தினார்,
பேருந்து வந்துவிட்டதாம்.
புனி பேனாவை எடுத்தார்.
மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.
கட்டைவிரலால் அதன் கிளிப்பைத் தடவியபடி
இந்தப் பேனா நன்றாயிருக்கிறது என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வேண்டாம் என்று சொல்ல
உதடு குவிந்தது, பார்த்தேன்.
சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினார்.
தாள் இன்னும் மேசைமேல் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை வருவார்.