நட்ட ஈடு

செந்தூலில் அன்று பெய்த மழையில்
தூங்குமூஞ்சி மரம் ஒன்று
நின்றவாக்கில் கண்ணயர்ந்து
என் கஞ்சில் காரின் மேல் சாய்ந்தது.
நான் எதிர்க்கடையில்
ரொட்டி சானாய்க்கு இன்னொரு கரண்டி
சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அக்காவைக் காப்பாற்றியது பெருந்தீனி என்று
தம்பி அமுதவாணன் இன்றுவரை சொல்லித் திரிகிறான்.

காப்புறுதிக்காரர்கள் கடிதம் போட்டார்கள்:
புயல், வெள்ளம், மரம் விழுதல்
உங்கள் பத்திரத்தில் அடங்கா.
மாநகர மன்றத்துக்குப் போன் அடித்தேன்.
பாட்டுப் போட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து
ஞாயிற்றுச் சந்தையில்
வெட்டுப்பலகைகளை அடுக்கி வைத்திருந்தார் ரொஸ்லான்.
எங்கே கிடைத்த மரம், சும்மாதான் கேட்டேன்.
"செந்தூல். ஏப்ரல் மழை.
அடியில் ஒரு வெள்ளைக் கார் வேறு, பாவம்."
அந்தப் பாவம் நான்தான் என்றேன்.

நூற்றெண்பது வெள்ளி
நூற்றைம்பது ஆனது.
ஒரு புட்டி எண்ணெயும் தேன்மெழுகும் சும்மா தந்தார்.
எல்.ஆர்.டி.யில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
மறுபடி என் மேல் சாய்ந்தது.

வைரம் கருப்பட்டி நிறம்,
வெளிறு தேங்காய்ப்பால்.
ஓர் ஓரத்தில் இழைப்புளி தயங்கிய இடம்
கண்ணுக்குத் தெரியாது,
கட்டைவிரல் போய்ப் போய் நிற்கிறது.
நடுவே நீலக்கறுப்பாய் ஒரு கறை:
ஆணி ஊறிய தடம்.
'உடனடிக் கடன்' அட்டையை அறைந்த ஆணியாம்.
நிற்கிற மரத்தையும் விடுவதில்லை
வட்டிக்காரர்கள்.

இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய
பச்சை நெகிழிப் பலகை
மஞ்சள் படிந்து, முதுகு வளைந்து
இன்னும் சிங்க்கின் பின்னால் நிற்கிறது.
அதில் வெங்காயம் நறுக்கினால்
பக்கத்து வீட்டு மிஸ் கோ சுவரைத் தட்டுவார்.
இதில் நறுக்கும்போது
சத்தம் மரத்துக்குள் இறங்கி
அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.
கத்திக் கீறல்கள் கூட
எண்ணெய் தடவிய மறுநாள்
பாதி மூடியிருக்கின்றன.

மிளகாய்க்கு ஒரு பக்கம், மாம்பழத்துக்கு மறுபக்கம் என்று
முறை வைத்தேன்.
மூன்று நாள்தான்.
இப்போது மாம்பழம் கொஞ்சம் உறைக்கிறது.

மழை கட்டும் சாயங்காலங்களில்
பலகை லேசாகக் கோணுகிறது.
ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது.
பழக்க தோஷம்.
கேரட் உருண்டு ஓடுகிறது.

நாலாய் மடித்த தாள் ஒன்றை
அடியில் கொடுத்திருக்கிறேன்.
அதே மரத்தடியில்
தப்பாக நிறுத்தியதற்கு
அது விழுமுன் வாரம் எனக்கு வந்த சம்மன்.

இன்னும் கட்டவில்லை.