சி.ஆர். கொப்பியில் ஆவணி

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால்
ஏழாவது வளையம் வரைக்கும் காய்ந்துபோய்க் கிடக்கிறது.
எட்டாவதில் பச்சையாய் ஒரு கோடு:
போன கிழமை தண்ணீர் நின்ற இடம்.
தவளை ஒன்று
எனக்கு முன்னமே விசயம் தெரிந்து
கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மல்லாவிப் பக்கம் கச்சான் அடிக்கத் தொடங்கினால்
கொடியில் போட்ட உடுப்பு கால்மணியில் காயும்.
அந்தக் காற்றால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

செவ்வாயில் சபைப் பவுசர் வரும்.
வராத செவ்வாயும் உண்டு.
ஆகையால் எழுதி வைக்கிறேன்:
முன்பக்கமெல்லாம் ஆரணியின் பின்னக் கணக்கு,
பின்னாலிருந்து திருப்பினால் என் வாளிகள்.

சமையலுக்கும் குடிக்கவும் ஒரு வாளி, கால் குறைய.
அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு.
மீன் கழுவியது பூசணிக்கு,
பூனையும் பின்னாலேயே போகும்.
குளிப்பு ஆளுக்கொரு வாளி,
தோடங்கன்றுக்குப் பக்கத்தில் பலகை போட்டு நின்றபடி.
சவர்க்காரம் கூடினால் தோடைக்குக் கண் எரியும் என்றேன்.
ஆரணி நம்பவில்லை.
ஆனாலும் குறைத்துத்தான் பூசுகிறாள்.

கட்டாரிலிருந்து அவர் கேட்கிறார்:
"குழாய்க்கிணறு அடிச்சா என்ன? காசு அனுப்புறன்."
போன வருசம் கேதாரநாதன் வீட்டார் அடித்தார்கள்.
மூன்று நாள் இரைச்சல்.
நாலாம் நாள் எங்கள் கிணற்றில்
ஒரு வளையம் கூடுதலாகத் தெரிந்தது.
அவர்களோடு இன்னும் கதைக்கிறேன்,
கறி கொடுத்து வாங்குகிறேன்.
வளையத்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

வாழைக்குச் செலவு குறைவு.
மூன்று நாளைக்கு ஒரு வாளி போதும்.
அந்த இடம் ஒருக்கால் ஆளுயரத்துக்குத் தோண்டியது,
நாங்கள் ஐந்து பேர் இருந்த பள்ளம்.
திரும்பி வந்தபோது பாதி தூர்ந்திருந்தது.
மீதிக்குப் பொச்சுமட்டை அடுக்கி
சாணம் போட்டு மண் மூடினேன்.
பொச்சு தண்ணீரை இலேசில் விடாது.
அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கொப்பியில்
இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் தையல் கடைக்குப் போய் வருவதற்குள்
நீலப் பரலில் அறுபது லீற்றர் குறைந்திருந்தது.
வாசர் தேய்ந்திருக்கும் என்று
பழைய செருப்பில் வட்டம் வெட்டிப் போட்டேன்.
பைப் ஒழுகவில்லை.
கேதாரநாதன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன்,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

சனி மத்தியானம், அடுப்படி யன்னல்.
மந்தி ஒன்று, வயிற்றில் குட்டி,
என்னைப் போலவே வலக்கையால் பைப்பைத் திருகி
குனிந்து குடித்து
வாயைத் துடைத்து
திறந்தபடி விட்டுவிட்டுப் போனது.
திறக்கத் தெரியும், பூட்டத் தெரியாது.
நாளுக்குப் பத்துத் தரம்
அதன் கண்ணுக்கு முன்னால் திறந்தது நான்தானே.

கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.
ஞாயிறு வந்து
திருகிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது,
பிறகு ஈரம் இருந்த கம்பியை நக்கிக்கொண்டிருந்தது.
குட்டி கையை நீட்டி
தாயின் வாயைத் தொட்டது.

கைபிடி உடைந்த தாச்சியை எடுத்துப் போய்
வேம்புக்குக் கீழே வைத்தேன்.
கொப்பியில் புது வரி:
மந்தி, ஒரு செம்பு.
என் குளிப்பில் கழிக்கவும்.

இரவு ஆரணி சிவப்புப் பேனையால்
பக்கத்தில் எழுதியிருக்கிறாள்:
குட்டியைச் சேர்க்கவில்லை.

இன்று செவ்வாய். நாலு மணியாகிறது.
ஒழுங்கைத் திருப்பத்தில் புழுதி எழும்பியது,
உழவு இயந்திரம்தான்.
பரலைத் தட்டிப் பார்க்கிறேன்.
சத்தம் பாதிக்குக் கீழே.