பிரிட்ஜுக்குக் கீழே

ஸ்காபரோ, மார்க்கம் வீதி, ஒன்பதாம் மாடி.
சப்பாத்தை எங்கே விடுகிறது என்று கேட்டுக்கொண்டு
மிதுரா வந்தாள்.
பல்கலைக்கழகத்துப் பிள்ளை. கழுத்தில் அட்டை,
கையில் பதினாறு கேள்வி.

ஒன்று என்றால் கவலையே இல்லை,
நாலு என்றால் சரியான கவலை.
"பயம் எண்டு போடேல்லை அங்கிள்.
பயமோ எண்டு கேட்டா
ஆம்பிளையள் எல்லாரும் இல்லை எண்டிடுவினமாம்."
கெட்டிக்காரர்தான், படிவம் செய்தவர்கள்.

குளிக்கும்போது விழுந்துவிடுவேன் என்று?
ஒன்று.
தொட்டிக்குள் கால் வைத்து மூன்று மாதம்.
வாளி, கோப்பை, ஒரு முக்காலி, போதும்.

பனி உறைந்த நடைபாதையில்?
ஒன்று.
நவம்பருக்குப் பிறகு
நடைபாதையை நான் ஜன்னலால்தான் பார்க்கிறேன்.

மேல்தட்டில் எதையாவது எட்டி எடுக்க?
ஒன்று. மேல்தட்டு காலி.

கலியாணம், கோயில், செத்தவீடு?
ஒன்று, ஒன்று.
செத்தவீட்டை இப்போது யூடியூபிலேயே காட்டுகிறார்கள்,
பூவும் போடலாம், விரலால்.

கூட்டினால் பதினாறு.
அதற்குக் குறைய ஒருவரும் எடுக்க முடியாதாம்.
பள்ளிக்கூடத்தில்கூட
நான் எதிலும் முதலாவதாய் வந்ததில்லை.

பிறகு கடிகாரத்தை அமத்தினாள்.
கதிரையால் எழும்பி, மூன்று மீற்றர் நடந்து,
திரும்பி வந்து இருக்க வேண்டும்.
திரும்பும் இடத்தில்
சுவருக்கு ஒரு விரல் கொடுத்தேன்,
சும்மா, சுவர் விழாமல்.

கடந்த பன்னிரண்டு மாதத்தில் விழுந்தீர்களா?
இல்லை.
கல்கரியில் மகன் இருக்கிறான்.
இங்கே ஓம் என்று ஒரு சொல் விழுந்தால்
அங்கே கேட்கும்.
திரும்பி வரும்போது
ஒரு முதியோர் இல்லத்தின் பெயரோடு வரும்.

கடுதாசிகளை அடுக்கும்போது
பேனா அவள் மடியால் நழுவி உருண்டு
பிரிட்ஜுக்குக் கீழே போனது.

"விடு பிள்ளை, கை எட்டாது.
அங்கை ஏற்கெனவே ஒரு நீல மூடி,
ரெண்டு கடலை,
சுவரோரமா ஒரு இருபத்தைஞ்சு சதக் குத்தி..."

சொல்லி முடிந்த பிறகுதான்
நான் சொன்னது எனக்கே கேட்டது.

பிரிட்ஜ் ஒருதரம் உறுமி அடங்கியது.
மிதுரா முழங்கால் மடித்து
கன்னத்தைத் தரையில் வைத்தாள்.
மூடி. கடலை. காசு.

அவள் எழும்பவில்லை.
கையில் பேனாவும் இல்லை.
கிடந்தபடியே கேட்டாள்:

"எவ்வளவு நேரம் கிடந்தனீங்கள், அங்கிள்?"